செம்மண் தக்காளியும் களிமண் தக்காளியும்

புதிதாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எம்மவர்களுக்கு, வாடகை வீடாக இருந்தாலும் கோடிப்புறத்தில் பத்தடி நிலம் கிடைத்துவிட்டால் கை சும்மா இருக்காது. மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் வந்துவிடும். மிளகாய் நாலு காய் தந்தாலே சந்தோசம். கத்தரி காய்க்காவிட்டால் தமிழ்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தக்காளி மட்டும் அப்படியல்ல. தை மாதத்தில் கடையில் வாங்கும் தக்காளி வெளியே சிவப்பாக இருக்கும். வெட்டினால் உள்ளே வெள்ளை நரம்பு. சொதிக்குப் போட்டால் புளிப்பும் இல்லை, வாசமும் இல்லை. ஆகவே தக்காளி விசயத்தில் எல்லோருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு.

ஒரே தெருவில், ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய கன்றுகளை நட்ட இரண்டு வீடுகளில் ஒன்றில் வாளி வாளியாகப் பழம் வருகிறது. மற்ற வீட்டிலோ ஆள் உயரத்துக்கு இலை தழைத்து, ஓகஸ்ற் முடியும்வரை நாலு காயோடு செடி நிற்கிறது. கேட்டால் "அவவுக்குக் கைராசி" என்கிறார்கள். கைராசியை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ரொறொன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் பல கோடைகள் மண் கொத்தியதில் நாங்கள் கண்டது வேறு. எப்போது நட்டோம், எவ்வளவு ஆழத்தில் நட்டோம், எப்படித் தண்ணீர் விட்டோம், எதை முறித்தோம், எதை முறிக்காமல் விட்டோம் என்பதில்தான் கைராசியின் பெரும்பங்கு இருக்கிறது.

எங்கள் வீட்டில் இது வெறும் தோட்ட விசயமாக இருக்கவில்லை. மாமா உரும்பிராயில் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் செய்தவர். 1995 இடப்பெயர்வில் விட்டுப்போன தோட்டத்தைத் திரும்பி வந்து பற்றை வெட்டித் திருத்தியவர். 2012 கார்த்திகையில், 68 வயதில், எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்த முதற் குளிர்காலம் முழுவதும் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். "சின்ன வயசிலயிருந்து தோட்டம் செய்தவன். இஞ்ச எனக்கென்ன அலுவல்?" என்று ஒருநாள் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த கோடையில் கோடிப்புறத்துப் புல்லைக் கிளப்பி இருபதடிக்குப் பத்தடி நிலம் ஒதுக்கிக் கொடுத்தோம். அவருடைய கைவேலை இந்த மண்ணில் செல்லுமா என்பது எங்களுக்குத் தக்காளியைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது.

முதலில் செல்லாமற் போனது நாட்காட்டி. ஊரில் மாரி மழை ஓய்ந்து பனிக்காலம் தொடங்கத்தான் தக்காளிக்குக் காலம். அதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளிப் பூ காயாக மாறுவதற்கு இரவு வெப்பநிலை ஏறக்குறைய 13 முதல் 21 பாகைக்குள் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வைகாசி இரவுகளில் அது கிடைக்காது. பூ காம்போடு கழன்று விழும். மார்கழி, தை இரவுகள்தான் கைகொடுக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். குளிர்காலம் கொல்லும், கோடைதான் வாழவைக்கும். ரொறொன்ரோவில் உறைபனி இல்லாத காலம் மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதிவரை, சுமார் ஐந்து மாதந்தான்.

இதில் ஏமாற்றுவது ஏப்ரல் மாதம். புதுவருசம் பிறந்த கையோடு சில நாட்கள் 18, 20 பாகைக்கு வெயில் எறிக்கும். கடை வாசல்களில் கன்றுகளை அடுக்கிவிடுவார்கள். "பிள்ளை, வெயில் எறிக்குது, இன்னும் ஏன் கன்றை வீட்டுக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறியள்?" என்று மாமா ஒவ்வொரு நாளும் கேட்டார். அவரோடு வாதாடவில்லை. மண்ணில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி அவருடைய கையிலேயே கொடுத்தோம். பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் 7 பாகை காட்டியது. அவர் வெப்பமானியை நம்பவில்லை. கையை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

வானம் சூடாவதற்கும் மண் சூடாவதற்கும் இடையில் இந்த நாட்டில் பல வாரங்கள் இருக்கின்றன. மண் 10 பாகைக்குக் கீழே இருந்தால் தக்காளி வேர் வேலை செய்யாது. மண்ணில் பொசுபரசு இருந்தாலும் அதை உறிஞ்ச முடியாமல் இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகும். கன்று குறண்டி நிற்கும். உறைபனி விழாவிட்டாலும் அப்படி நின்ற கன்று, மூன்று வாரம் பிந்தி நட்ட கன்றிடம் தோற்றுவிடும். இங்குள்ள பழைய தோட்டக்காரர் விக்ரோறியா நாள் விடுமுறைக்கு முன் தக்காளி நடுவதில்லை. அது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை. மண் 15 பாகை தொட்டதா, இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகாமல் நிற்கிறதா என்று பார்த்து நட்டால் போதும்.

விதை போட்டுக் கன்றெடுக்க விரும்புவோர் அதற்கு ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு முன், மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில், வீட்டுக்குள் போடவேண்டும். 21 முதல் 27 பாகைச் சூட்டில் ஐந்து தொடக்கம் பத்து நாளில் முளைக்கும். முளைத்த பிறகு சூட்டைவிட வெளிச்சந்தான் முக்கியம். யன்னல் வெளிச்சம் போதாது. கன்று ஒளியைத் தேடி நூல்போல நீளும். ரியூப் லைற் ஒன்றைக் கன்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரிக்கலாம். நல்லது என்று இரவும் அணைக்காமல் விடக்கூடாது. இருபத்துநாலு மணித்தியாலமும் ஒளி பட்டால் தக்காளி இலை மஞ்சளாகிவிடும். அதற்கும் இரவு வேண்டும்.

விதைப் பைக்கற்றில் 60 நாள், 75 நாள், 85 நாள் என்று போட்டிருப்பார்கள். அது விதை போட்ட நாளிலிருந்து அல்ல, வெளியே நட்ட நாளிலிருந்து எண்ணவேண்டியது. 'பீவ்ஸ்ரேக்' போன்ற பெரிய இனங்கள் எண்பது நாளுக்கு மேல் எடுக்கும். மே கடைசியில் நட்டால் ஓகஸ்ற் நடுப்பகுதியில்தான் முதற்பழம். 'ஏர்லி கேர்ள்' இரண்டு மாதத்துக்குள் பழுக்கத் தொடங்கும். நாங்கள் இரண்டையும் நடுகிறோம். பொறுமையில்லாத பிள்ளைகளுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று.

ஊரில் பகல் பன்னிரண்டு மணித்தியாலம், இங்கே யூனில் பதினைந்துக்கு மேல். தக்காளிக்கு அது ஒத்துவருமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பூப்பதற்குத் தக்காளி பகலின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஊர் அவரைக்கொடி சிலவேளை இங்கே கோடை முழுவதும் இலையாக ஓடி, செப்ரெம்பரில் பூத்து, குளிரில் மடிவதற்குக் காரணம் இந்தப் பகல் நீளந்தான். தக்காளியிடம் அந்தச் சிக்கல் இல்லை. நீண்ட பகலில் அது இன்னும் வேகமாக வளரும்.

வீட்டுக்குள் வளர்ந்த கன்றை ஒரேயடியாக வெளியே நட்டால் வெயிலில் இலை வெளுத்துக் கருகும், காற்றில் தண்டு முறியும். ஒரு வாரம், பத்து நாள் பழக்கவேண்டும். முதல்நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு. மாமா இதைப் பார்த்துச் சிரித்தார். "பள்ளிக்கூடம் பழக்கிறது போல" என்றார். ஊரில் நாற்றுமேடை திறந்த வெளியில் இருப்பதால் இந்த வேலை அவருக்குப் புதிது.

நடும் ஆழத்தில்தான் நாங்களும் அவரும் முதலில் முரண்பட்டோம். தக்காளிக் கன்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி நடுவது இங்குள்ள வழக்கம். மிளகாய்க் கன்றைக் கழுத்துவரை புதைத்தால் அழுகும் என்பது அவர் அறிந்தது. தக்காளி வேறு. அதன் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். நெட்டையாக நீண்டு நொய்ந்துபோன கன்றைக்கூட சாய்வாகப் பள்ளம் தோண்டிப் படுக்கவைத்து, நுனியை மட்டும் வெளியே விடலாம். ஆழத்தில் மண் இன்னும் குளிராக இருக்கும் இந்த நாட்டில், மேல்மண் சூட்டிலேயே வேர் ஓட அது நல்ல வழியும்கூட. இதைக் கேட்டு அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப இது நாங்கள் மண் அணைக்கிற மாதிரித்தானே. அங்க பிறகு செய்யிறதை இஞ்ச முதலே செய்யிறியள்" என்றார். அது சரியான விளக்கம். அடுத்த ஆண்டிலிருந்து நடுகை முழுவதும் அவர் பொறுப்பு.

தண்ணீர் விசயம் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியது. ஏனென்றால் புதிதாக வருவோரின் தோட்டங்களில் அதிகம் கெடுவது இதனால்தான். வலிகாமத்துச் செம்மண் தண்ணீரை வைத்திருக்காது. அடியில் சுண்ணக்கல், விட்ட தண்ணீர் வடிந்துவிடும். ஆகவே அடிக்கடி இறைப்பு வேண்டும். ஸ்காபரோவில் எங்கள் நிலம் களிமண். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும். ஆறு அங்குலம் தோண்டினால் பிசுபிசுவென்று ஈரம். மேலே பார்த்துவிட்டுப் பின்னேரம் பின்னேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால், வேர் அந்த மேல் ஈரத்தைத் தேடி மேலேயே படரும். யூலையில் இரண்டு நாள் விருந்தாளி வீட்டுக்குப் போய் வந்தால் செடி சுருண்டுவிடும். வாரத்துக்கு 2.5 சென்ரிமீற்றர் மழைக்குச் சமமான தண்ணீர் தக்காளிக்குப் போதும். ஒரு சதுர மீற்றருக்கு 25 லீற்றர் என்று கணக்கு. அதை ஒரேதரம் அல்லது இரண்டு தரமாக, காலையில், ஆழத்துக்கு இறங்கும்படி விடவேண்டும்.

இங்கே ஒரு இடத்தில் மாமாவின் பழக்கம் இந்நாட்டவர் பழக்கத்தை வென்றது. தெருவில் எல்லோரும் குழாய் முனையில் தெளிப்பானைப் பூட்டி, செடியைத் தலையிலிருந்து குளிப்பாட்டுவார்கள். அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. "தண்ணி வேருக்கோ இலைக்கோ?" என்பார். அவர் பாத்தி கட்டி, நடுவே வாய்க்கால் வெட்டி, குழாயை வாய்க்கால் தலைப்பில் வைத்துவிட்டு, மண்வெட்டியோடு நின்று வாய்க்காலை மாற்றிக் கட்டுவார். களிமண்ணில் வாய்க்கால் அருமையாக நிற்கும். இலை நனையாது. தக்காளியைக் கீழிருந்து மேலாகக் கருக்கிவரும் இலைப்புள்ளி நோய்கள் பூஞ்சணத்தால் வருவன. பூஞ்சணம் மண்ணிலும் பழைய சருகிலும் இருந்து தண்ணீர்த் துளியோடு தெறித்துக் கீழிலையில் ஏறும். ஈர இலையில்தான் முளைக்கும். ஓகஸ்ற் மாதத்தில் அயலில் பல செடிகள் அரைவாசி மொட்டையாக நிற்க, எங்கள் வாய்க்கால் செடிகள் கீழிலையோடு நின்றன. யூன் நடுப்பகுதியில் மண் நன்றாகச் சூடேறிய பிறகு அடியில் வைக்கோல் பரப்புவதையும் சேர்த்துக்கொண்டோம். முன்னரே பரப்பினால் மண் சூடேறாது.

ஒழுங்கில்லாத தண்ணீரால் வரும் இன்னொரு தொல்லை, காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல அமுங்குவது. இதைக் கண்டதும் பலர் நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். இது நோயல்ல. காய்க்குக் கல்சியம் போய்ச் சேரவில்லை என்பதுதான். கல்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் பயணம் செய்யும். இலையிலிருந்து நீராவி அதிகம் போவதால் இலை தன் பங்கை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் தட்டுப்படும்போது காய்க்குக் கிடைப்பதில்லை. தென் ஒன்ராறியோ மண் சுண்ணக்கல்லின் மேல் உண்டானது. கல்சியம் பொதுவாகப் போதிய அளவு இருக்கிறது. முட்டைக்கோதைப் புதைத்தால் அது கரைய ஆண்டுகள் எடுக்கும், இந்தக் கோடைக் காய்க்கு உதவாது. தண்ணீரைச் சீராக விட்டால் அடுத்த குலையிலிருந்து சரியாகிவிடும். வாளியில் வளரும் செடிக்கும், 'ரோமா' போன்ற நீளக்காய் இனங்களுக்கும் இது அதிகம் வரும்.

பசளையைப் பற்றி. பைக்குப் பையில் மூன்று எண்கள் இருக்கும்: நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்ற ஒழுங்கில். புற்றரைக்கு விற்கும் பசளையில் முதலாவது எண் பெரிதாக இருக்கும். மிச்சமிருந்த அந்தப் பசளையைத் தக்காளிக்குப் போட்டவர்களின் செடிதான் ஆள் உயரத்துக்கு இருண்ட பச்சையில் நிற்கிறது. தக்காளிக்கு நைதரசன் கூடினால் அது இலையை வளர்த்துக்கொண்டே போகும், பூக்க அவசரப்படாது.

எங்கள் வீட்டில் பசளை வாங்குவது குறைந்ததற்குக் காரணம் குழை தாழ்த்தல். ஊரில் பூவரசங் குழையும் வாதநாராயணியும் வெட்டிவந்து சால் பிடித்துப் புதைப்பார்களே, அதுதான். இங்கே பூவரசு எங்கே? ஒக்ரோபர் கடைசியில் தெரு முழுவதும் மேப்பிள் சருகைப் பெரிய கடதாசிப் பைகளில் கட்டி, நகரசபை வண்டிக்காக வாசலில் வைத்திருப்பார்கள். மாமா அதைப் பார்த்தபடி நடந்துவிட்டு வந்து, "இந்தச் சனம் பசளையை ஏன் எறியுது?" என்று கேட்டார். அயலவரிடம் கேட்டு எடுத்துவந்து, புல் வெட்டும் இயந்திரத்தால் நொறுக்கி, வெட்டிய புல்லையும் கலந்து, பாத்தியில் ஒரு சாண் ஆழத்தில் தாழ்த்தினோம். இதை இலையுதிர் காலத்தில்தான் செய்யவேண்டும். நடும்போது காய்ந்த சருகைப் புதைத்தால், அது உக்குவதற்கு மண்ணிலுள்ள நைதரசனையே பிடித்துக்கொள்ளும், கன்று மஞ்சளாகும். மூன்று நான்கு ஆண்டில் அந்தக் களிமண் கையில் பிடித்தால் உதிரும் மண்ணாகிவிட்டது. மண்புழு வந்ததைக் காட்டத்தான் அவர் எங்களை முதன்முதலாகத் தோட்டத்துக்குள் கூப்பிட்டார்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு வோல்நட் மரத்தின் சருகை எடுக்கக்கூடாது. அந்த மரத்தின் வேர் ஓடும் இடத்தில் தக்காளி நடவும் கூடாது. இந்த மரம் ஒன்ராறியோவுக்குரியது, பழைய தெருக்களில் இருக்கிறது. அதன் வேரிலும் இலையிலும் கோதிலும் உள்ள ஒரு பொருள் தக்காளியை வாட வைத்துக் கொன்றுவிடும். நன்றாக வளர்ந்த செடி யூலையில் காரணம் தெரியாமல் சோர்ந்து விழுந்தால் அக்கம்பக்கத்து மரத்தைப் பாருங்கள்.

இனி முறிப்பது. இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கவட்டில் ஒரு பக்கக் கிளை முளைக்கும். அதை விட்டால் இன்னொரு செடியாகவே வளரும். புகையிலை செய்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. புகையிலையில் நுனி முறித்து, பக்கக் கன்று களைவது அவர்களுக்கு அன்றாட வேலை. எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டில் வயதான இத்தாலியர் ஒருவர் இருந்தார். மாமாவுக்கு ஆங்கிலம் இல்லை. அவருக்கும் இங்கே அரைநூற்றாண்டு இருந்தும் ஆங்கிலம் கொஞ்சந்தான். ஒருநாள் மாமா குனிந்து பக்கக் கன்றுகளைக் கட்டைவிரலால் கிள்ளி எறிவதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் செடியில் ஒன்றைக் கிள்ளிக் காட்டினார். அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். என்ன பாசையில் பேசினார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த இத்தாலியர் ஒரு விசயத்தில் மாமாவின் கையைப் பிடித்துத் தடுத்தார். அது 'ரோமா' செடி. எல்லாத் தக்காளிக்கும் முறிப்பு இல்லை. தக்காளியில் இரண்டு சாதி. ஒன்று கொடிச்சாதி, குளிர் வந்து கொல்லும்வரை வளர்ந்துகொண்டே, பூத்துக்கொண்டே போகும். 'பீவ்ஸ்ரேக்', 'ஏர்லி கேர்ள்', சின்னப்பழத் தக்காளிகளில் பெரும்பாலானவை இந்தச் சாதி. மற்றது புதர்ச்சாதி, ஓர் உயரத்தோடு நின்று, கிளை நுனிகளில் பூத்து, கொஞ்ச நாளுக்குள் எல்லாவற்றையும் பழுக்க வைத்துவிடும். 'ரோமா' இந்த வகை. அதன் பக்கக் கிளைகளை முறித்தால் காய்க்கவேண்டிய கிளைகளையே முறிக்கிறோம். கன்று வாங்கும்போது எந்தச் சாதி என்று கேட்டு வாங்குவது நல்லது.

கொடிச்சாதியிலும் முறிப்பதா விடுவதா என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. 2015 கோடையில் 'பீவ்ஸ்ரேக்' கன்று எட்டை ஒரே பாத்தியில் நட்டுப் பார்த்தோம். நான்கை ஒற்றைத் தண்டாக முறித்துத் தடியில் கட்டினோம். நான்கைக் கம்பிக்கூட்டுக்குள் அதன்பாட்டில் விட்டோம். முறித்தவை முன்னதாகப் பழுத்தன. ஒவ்வொரு பழமும் பெரிது. விட்டவை எண்ணிக்கையிலும் செடிக்குச் செடி நிறையிலும் கூடத் தந்தன, ஆனால் பழம் சிறிது, பிந்தியது, ஒக்ரோபர் குளிருக்கு அதிகம் பச்சையாக அகப்பட்டதும் அவைதான். முறித்த செடிக்கு ஒன்றரை அடி இடைவெளி போதும், விட்டதற்கு மூன்றடி வேண்டும். ஆகவே நிலம் குறைவானவர் முறிப்பதும், நிலம் இருந்து நேரம் இல்லாதவர் விடுவதும் சரி. இரண்டு வேலை செய்யும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவதையே சொல்லுவோம். முறிப்பவர்கள் இலையைக் கண்டபடி பிடுங்க வேண்டாம். நிழல் இல்லாத காயில் யூலை வெயில் பட்டு வெள்ளைத் தழும்பு விழும்.

வளர்க்கும் முறை எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்று பார்க்க விரும்பினால் ஒன்ராறியோவின் தென்கோடியிலுள்ள லெமிங்டனுக்கு ஒருதரம் போய்வரலாம். அங்கே வெளியே வயலில் புதர்ச்சாதித் தக்காளி தடியில்லாமல் தரையில் படர்ந்து, ஒரேயடியாகப் பழுத்து, இயந்திரத்தால் அறுவடையாகித் தொழிற்சாலைக்குப் போகும். 1909இல் அங்கு வந்த ஹைன்ஸ் நிறுவனம் தன் தொழிற்சாலையை 2014இல் மூடியது. பிறகு வேறொருவர் பொறுப்பேற்று நடத்துகிறார்கள். அதே ஊரில் கண்ணாடி வீடுகளுக்குள் கொடிச்சாதித் தக்காளி ஒற்றைத் தண்டாக நூலில் தொங்குகிறது. கீழே பழம் பறிக்கப் பறிக்க, தண்டைத் தாழ்த்திச் சாய்த்து, பல மீற்றர் நீளத்துக்கு மாதக்கணக்கில் காய்க்க வைக்கிறார்கள். அங்கே ஒரு சதுர மீற்றரில் ஆண்டுக்கு 50 கிலோவுக்கும் மேல் எடுக்கிறார்கள். நாங்கள் செய்யும் பக்கக்கிளை முறிப்பு அங்கே தொழிலாளர் பலருக்கு முழுநேர வேலை.

கண்ணாடி வீட்டுக்குள் பெரிய வண்டுத்தேனீக்களைப் பெட்டியில் வைத்து வளர்ப்பார்கள். 1980களின் கடைசியில் பெல்ஜியத்தில் தொடங்கிய முறை இது. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. பூவை அதிரச் செய்தால் மகரந்தம் உதிரும். வண்டுத்தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். சாதாரண தேனீக்கு அது தெரியாது. இதை ஏன் சொல்லுகிறோமென்றால், மாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இது தேவை. பன்னிரண்டாம் மாடிப் பல்கனிக்குத் தேனீ வருவது அருமை. நண்பகலில் பூக்குலையை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் போதும். பல்கனியில் தெற்கு அல்லது மேற்கு வெயில் ஆறு மணித்தியாலமாவது வேண்டும். உணவகங்களில் எறியும் 20 லீற்றர் வாளி ஒன்றுக்கு ஒரு கன்று. அடியில் துளை கட்டாயம். வாளிச் செடிக்குக் கோடையில் நாளாந்தம் தண்ணீர் வேண்டும், நிலச்செடிக்குச் சொன்ன கணக்கு அதற்குச் செல்லாது.

யூலையில் பகல் 32 பாகையும் இரவு 22, 23 பாகையுமாகச் சில நாள் தொடர்ந்தால் பூ உதிரும். பயப்பட வேண்டாம், குளிர்ந்ததும் திரும்பக் காய் பிடிக்கும். பூச்சிக்கு ஊரில் அடித்ததுபோல மருந்து அடிக்க இங்கே முடியாது. 2009 முதல் ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டங்களுக்கு இரசாயனப் பூச்சிமருந்துகளைச் சட்டம் தடுத்திருக்கிறது. சவர்க்கார நீர் போன்ற சிலவற்றுக்கே அனுமதி. கொம்புவைத்த பெரிய பச்சைப் புழுவைக் கையால் பொறுக்கிவிடலாம். ஒரு இரவில் அது ஒரு கிளையை மொட்டையாக்கும், ஆகவே காலையில் பாருங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும். எம்மவர் தோட்டங்களில் இந்த நாலைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. ஆண்டுக்கொரு பாத்தியாவது பயற்றைக்கும் கீரைக்கும் மாற்றிக் கொடுப்பது நல்லது.

ஓகஸ்ற் கடைசியில் கொடிச்சாதியின் நுனிகளைக் கிள்ளிவிடவேண்டும். அதற்குப் பிறகு பூக்கும் பூ பழமாகக் காலம் இல்லை. இருக்கும் காய்க்காவது சத்துப் போகட்டும். உறைபனி எச்சரிக்கை வந்த அன்று மாலை, பச்சைக்காய் எல்லாவற்றையும் ஆய்ந்துவிடவேண்டும். பெருத்து வெளிறிய காய்கள் பழுக்கும். அவற்றைப் பத்திரிகைக் கடதாசியில் தனித்தனியாகச் சுற்றி, 15 பாகையளவு குளிரான பேஸ்மென்ற் மூலையில் வைத்தால் ஒவ்வொன்றாகச் சிவக்கும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் பழுக்காது, ருசியும் போய்விடும். முற்றாத பச்சைக்காயைப் பச்சைமிளகாயோடு பால்கறி வைக்கலாம். கத்தரிக்காய்ப் பால்கறிக்குக் குறைந்ததல்ல. சில ஆண்டுகளில் கார்த்திகை விளக்கீட்டுக்கு எங்கள் வீட்டு இரசத்தில் எங்கள் தோட்டத்துப் பழம் இருந்திருக்கிறது.

விதை எடுப்பதையும் சொல்லிவிடுகிறோம். கடைக் கன்றுகளில் பல கலப்பினம். அவற்றின் விதை தாயைப்போல வராது. ஊரிலிருந்து வருவோரிடம் விதை கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம், எல்லையில் அறிவிக்காமல் கொண்டுவந்தால் வில்லங்கம். எங்களிடம் இருப்பது அந்த இத்தாலியர் வேலிக்கு மேலால் தந்த ஒரு பழத்தின் விதை, அவருடைய ஊரில் தலைமுறையாக வைத்திருந்த இனம். அவர் 2019இல் காலமானார். மாமா இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். குனிந்து நடுவதில்லை, கதிரையில் இருந்து சொல்லுவார், நாங்கள் நடுவோம். விதையெடுப்பு மட்டும் இன்றும் அவர் கையில்தான். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையை அதன் சாற்றோடு ஒரு கோப்பையில் இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்புக் கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். கழுவிக் கடதாசித் தட்டில் உலர்த்தி, பழைய கடித உறைகளில் போட்டு, ஆண்டை எழுதி ஒட்டுவார். ஈரம் படாமல் வைத்தால் நாலு வருடமாவது முளைக்கும். சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த இரண்டு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு உறை கொடுத்தார். ஒவ்வொன்றிலும் இருபது விதையும், "மே 24க்குப் பிறகு" என்று அவருடைய கையெழுத்தும் இருந்தன.